நேர்ல ஒரு தடவ கூட பாக்காத ஒருத்தருக்காக இவ்ளோ அழறது சரியா?

மழைக்குருவி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், எதாவது தப்பா சொல்லியிருந்தா பொறுத்துக்கோங்க.

எஸ்.பி.பி சார் போய் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. 2020 ஆகஸ்ட் 5 அன்னிக்கு ஆஸ்பத்திரில சேந்தப்ப அவரே ஒரு வீடியோ போட்டாரு, லேசாத்தான் இருக்கு, கவலப்படாதீங்கன்னு. அத நம்பி தினமும் நியூஸ் பாத்துட்டே இருந்தேன். நடுவுல தேறிட்டு வராருன்னாங்க, போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழம மத்தியானம். பாத்திரம் கழுவிட்டிருந்தேன். குழாய மூடணும்னு கூட தோணல, தண்ணி பாட்டுக்கு ஓடுது, நான் அப்படியே தரைல உக்காந்துட்டேன்.

இப்ப என் பிரச்சன என்னன்னா, அதுக்கு முந்தின வருஷம்தான் என் சொந்த சித்தப்பா தவறினாரு. என்னைத் தூக்கி வளத்தவர். அப்ப எனக்கு அழுகையே பெருசா வரல. யார் யாருக்குச் சொல்லணும், யார கூட்டிட்டு வரணும்னு எல்லாத்தையும் நானே நின்னு பாத்தேன். ஆனா இவருக்காக மூணு நாள் சரியா சாப்பிட முடியல. போன வாரம் கார்ல போறப்ப ரேடியோல அவர் குரல், பாட்டுக்கு நடுவுல லேசா ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அது வந்துச்சு. கை தானா போய் ஆஃப் பண்ணிடுச்சு. வீட்டுக்காரர் பாத்துட்டு "இன்னுமா? உங்க சித்தப்பாவுக்குக் கூட நீ இப்படி அழலயே"ன்னாரு. கிண்டல் பண்ணல, கோவமும் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டாரு. ஆனா சுருக்குனு தச்சுருச்சு, அதுலருந்து அதே நெனப்பா இருக்கேன். என் மனசுல எதாவது கோளாறா? உங்க யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

நிலாமுற்றம்:

கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் கவுன்சலிங் வேலைல இருக்கேன், இதே கேள்விய வேற வேற பேரோட நிறைய தடவ கேட்டிருக்கேன்.

1956லயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதப் பத்தி எழுதிட்டாங்க. டிவி, ரேடியோல வர்றவங்களோட பாக்கறவங்களுக்கு உண்டாகிற உறவுக்கு பாராசோஷியல்னு பேர் வெச்சாங்க, தூரத்துல இருந்தே வர்ற நெருக்கம்னு சொன்னாங்க. ஒரு பக்க உறவுதான், ஆனா உங்க பக்கம் நடந்தது அத்தனையும் நெசம். வருஷக்கணக்கா வீட்டுக்குள்ள கேட்ட குரல மனசு தெரிஞ்சவங்க குரலாத்தான் வெச்சுக்கும், நேர்ல பாத்தியா இல்லியான்னு அது கணக்கு பாக்காது.

இன்னொண்ணு, 1989ல கென்னத் டோக்கான்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஊர் ஒத்துக்காத துக்கம்னு ஒண்ண பத்தி எழுதினாரு. கர்ப்பம் கலைஞ்சவங்க, பிரிஞ்சு போன கணவனோ மனைவியோ செத்துட்டா அழறவங்க, வளத்த நாய் போனவங்க... இவங்களுக்கெல்லாம் துக்கம் இருக்கும், ஆனா துக்கப்பட உரிமை இருக்குன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க. லீவு கிடையாது, சாப்டியான்னு கேக்க ஆள் கிடையாது. நீங்களும் அந்த வரிசைதான். துக்கத்தோட சேந்து வெக்கத்தையும் சுமக்கறீங்க, அதான் அஞ்சு வருஷமாகியும் ஆறல.

சித்தப்பா விஷயம். அங்க உங்களுக்கு வேலை இருந்துச்சு, நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. நின்னு நடத்தறவங்களுக்குப் பல நேரம் அப்ப அழுகை வராது, அது பாசம் இல்லாததால இல்ல. அப்புறம் சொந்தக்காரங்களோட உறவுல எல்லாமே கலந்திருக்கும், பாசம், கோவம், சொல்லாம விட்டது, கேக்காம விட்டது. பாடகர்கிட்ட உங்களுக்கு ஒரு மனஸ்தாபமும் இல்ல. தடையே இல்லாததால அழுகை நேரா வந்துருச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சு எடை போடாதீங்கம்மா.

லெக்பிரேக்:

அக்கா, எனக்கு ஷேன் வார்ன், ஆஸ்திரேலியா சுழல்பந்து வீச்சாளர். 2022 மார்ச் 4. அன்னிக்குக் காலைல பழைய ஆஸ்திரேலியா விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்ததுக்கு வார்ன் ட்விட்டர்ல இரங்கல் போட்டிருந்தாரு, நான் அதுக்கு லைக் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன். அதே நாள் ராத்திரி அதே போன்ல வார்னே இல்லன்னு செய்தி. தாய்லாந்துல, 52 வயசு. வதந்தின்னே நெனச்சேன், ஒவ்வொரு சைட்டா போய்ப் போய்ப் பாத்தேன், எல்லா இடத்துலயும் அதேதான் போட்டிருக்கு. என் லைக்கோட அந்த ட்வீட் இன்னும் அங்கயே இருக்கு அக்கா.

எனக்கு கோச்னு யாரும் கிடையாது. 1993ல இங்கிலாந்து பேட்ஸ்மேன் மைக் கேட்டிங்குக்கு வார்ன் ஒரு பந்து போட்டாரே, லெக் ஸ்டம்புக்கு வெளிய விழுந்து ஆஃப் ஸ்டம்ப தட்டுச்சே, அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்து மணிக்கட்டு எப்படித் திரும்புது, எந்த விரல் கடைசியா பந்த விடுதுன்னு கத்துக்கிட்டவன் நான். என் விரல்ல இருக்கற வித்தை அவர்கிட்டருந்து வந்தது. அவருக்கு என்னைத் தெரியாதுதான், ஆனா வந்தது வந்ததுதானே? அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடில லைட்ட போட்டுட்டு செவுத்துல மூணு கோடு கிழிச்சு தோள்பட்ட விட்டுப்போற வரைக்கும் பந்து போட்டேன். என்னடா பண்றேன்னு அம்மா வந்து கேட்டாங்க, சொல்லத் தெரியல, சும்மான்னுட்டேன்.

நேர்கோடு:

யாரையும் புண்படுத்த கேக்கல, நெஜமாவே புரியாமத்தான் கேக்கறேன். தினமும் எவ்வளவோ பேர் சாகறாங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தர் போனா ரெண்டு நாள்ல மறந்துடறோம், ஒரு நடிகர் போனா உலகமே நின்னுடற மாதிரி பண்றோம். அந்த அக்கறைய கூட இருக்கறவங்க மேல காட்டலாம்ல?

லெக்பிரேக்:

சகோ, அக்கறை என்ன குடத்துத் தண்ணியா, இங்க ஊத்தினா அங்க குறையறதுக்கு? 2021 அக்டோபர்ல கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயசுல போனாரு. அவர் கண்ண தானம் பண்ணாங்க, நாலு பேருக்குப் பார்வை கெடச்சுது. அதப் பாத்துட்டு கர்நாடகால கண் தானத்துக்குப் பேர் குடுக்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. அழுத ரசிகங்கதான் அதுல நிறைய பேரு. யாருன்னே தெரியாத ஒருத்தருக்குக் கண்ணு குடுக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, இதுக்கு மேல என்ன அக்கறை வேணும்.

வெண்பா:

தோழி, எனக்கு என்ன தோணுதுன்னா நீங்க அழுதது அவருக்காக இல்ல. அந்தப் பாட்டு கேட்ட வயசுக்காக, அப்ப கூட இருந்தவங்களுக்காக. ஒருவேள சித்தப்பாவுக்கு அழாம விட்டதுதான் அன்னிக்கு வெளிய வந்துச்சோ என்னவோ?

மழைக்குருவி:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சேன். நிலாமுற்றம் மேடம், வெக்கத்தையும் சுமக்கறீங்கன்னு எழுதினீங்களே, அந்த எடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

வெண்பா, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனா எனக்கு அது ஒட்டல. நான் அழுதது அவருக்காகத்தான். டிவி மேடைல சின்னப் பசங்க பாடறப்ப தப்பு விட்டாங்கன்னா அத எவ்ளோ பதமா சொல்லுவாரு, கூட வாசிக்கறவங்கள பேர் சொல்லிப் பாராட்டிட்டுத்தான் அடுத்த பாட்டுக்கே போவாரு. அந்த மனுஷன் இல்லியேன்னுதான் அழுதேன். 74 வயசுலயும் அந்தக் குரல்ல இன்னும் பாட்டு மிச்சம் இருந்துச்சு. அத வேற யாருக்கோ அழுத அழுகைன்னு மாத்திட்டா அவருக்குன்னு என்கிட்ட ஒண்ணும் இல்லாத மாதிரி ஆயிடுது. சித்தப்பாவுக்கான அழுகை தனியா இருக்கு, அது வர்றப்ப வரட்டும்.

சிம்னிவிளக்கு:

ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன், இங்க வந்து படிக்கற வேற யாருக்காவது உதவும். ஹாலிவுட் காமெடி நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்ட் 11ல தற்கொல பண்ணிக்கிட்டாரு. அப்ப எனக்கே மனசு ரொம்ப மோசமா இருந்த காலம். என்னை சிரிக்க வெச்ச ஆளுக்கே முடியலன்னா நான் எம்மாத்திரம்னு ஒரு நெனப்பு வந்து உக்காந்துருச்சு. அவருக்கு லூயி பாடின்னு நெனப்பையும் நடமாட்டத்தையும் குலைக்கற ஒரு மூளை நோய் இருந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, ஆனா அன்னிக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது, ராத்திரி பூரா செய்தி செய்தியா தோண்டிப் படிச்சிட்டே இருந்தேன். பிரபலங்க இப்படிப் போறப்ப தற்கொலைங்க கூடுதுன்னு டேவிட் பிலிப்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1974லயே கண்டுபிடிச்சிருக்காரு. வில்லியம்ஸ் போன அடுத்த சில மாசம் அமெரிக்காவுல வழக்கத்த விட சுமார் 10 சதவீதம் கூடுதலா இருந்துச்சுன்னு அப்புறம் கணக்கு பாத்தவங்க சொன்னாங்க. நான் தப்பிச்சது எங்க அக்காவால. விடிகாலைல போன் பண்ணி பயமா இருக்குக்கான்னு மட்டும் சொன்னேன், என்ன ஏதுன்னு கேக்காம கெளம்பி வந்துட்டா. அதனால துக்கம் இருக்கட்டும், ஆனா அது உங்க உசுரு பக்கம் திரும்புதுன்னு தோணின அன்னிக்கே யார்கிட்டயாவது வாய் விட்டுச் சொல்லிடுங்க, டாக்டர போய்ப் பாருங்க. அந்தச் செய்தியெல்லாம் தோண்டிப் படிக்காதீங்க, போன தூர வெச்சிடுங்க.

நேர்கோடு:

சிம்னிவிளக்கு, நீங்க இதெல்லாம் இங்க வந்து எழுதினதுக்கு நன்றிங்க. நான் கேட்ட விதம் கொஞ்சம் அவசரம்னு இப்ப தோணுது.

மழைக்குருவி:

நேத்து வீட்டுக்காரர்கிட்ட போன குடுத்து இத்தனையும் படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல. இன்னிக்கு கார்ல ஏறினதும் ரேடியோல கைய வெச்சுட்டு, "போடட்டுமா, இல்ல வேணாமா"ன்னு என்னைப் பாத்தாரு. இதுவரைக்கும் அவர் அப்படிக் கேட்டதே இல்ல. இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் பாக்கலாம்னு சொன்னேன். சரின்னு கைய எடுத்துட்டாரு.