லிஃப்ட் பண்ணின மஹிந்திரா தார்: இடது லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கு. நிமித்தலாமா, மாத்தணுமா?

திருச்செங்கோடு_தார்:

வணக்கம்ங்க. 2021 மாடல் தார், டீசல். முன்னாடி ஷாக் மேல ஸ்பேசர் கட்டை, பின்னாடி உயரமான ஸ்பிரிங், வண்டியை ரெண்டு இஞ்ச் உயர்த்தி லிஃப்ட் பண்ணியிருக்கு. டயர் கம்பெனி அளவேதான், 255/65 ஆர்18.

போன வாரம் ஒரு காஞ்ச ஓடையில ஏறும்போது, மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்த பாறையில இடது முன்சக்கரம் நேரா முட்டிருச்சு. ரிம் தப்பிச்சுது. அதுல இருந்து அறுபதைத் தாண்டினா வண்டி இடது பக்கம் இழுக்குது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா இடது டயர் வீல் ஆர்ச்சோட பின்பக்க பிளாஸ்டிக்ல உரசுது, முன்பக்கம் உரசல. அடியில படுத்துப் பாத்தா, லோயர் ஆர்ம்ல (சக்கரத்தை சேஸிஸோட இணைக்கிற கீழ் கை) ஷாக் உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல பெயிண்ட் சுருங்கி செதில் செதிலா உதிர்ந்திருக்கு. அலைன்மென்ட் கடையில இடது காஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம்) கம்மியா காட்டுது, கொண்டு வர முடியலன்னுட்டாங்க.

எங்க ஊர்ல போர்வெல் ரிக் வண்டி சேஸிஸ் வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர், "இதெல்லாம் ஒரு வேலையா, சூடு காட்டி நிமித்திடலாம்"ங்கிறாரு. லிஃப்ட் போட்ட கடையில "அப்பர், லோயர் நாலு ஆர்மும் மாத்திருங்க"ங்கிறாங்க. லிஃப்ட் போட்டதுல இருந்தே ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போது முன்னாடி ரெண்டு பக்கமும் டக்குனு ஒரு சத்தம் வேற. யார் பேச்சைக் கேக்கறது?

ஜிம்னி_கோபி:

ப்ரோ, என் ஜிம்னியும் லிஃப்ட் போட்டதும் ஸ்டியரிங் அலைபாஞ்சுது. காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (ஆர்ம் மாட்டுற இடத்துல வர்ற ரப்பர் வளையம்) போட்டேன், சரியாயிருச்சு. அதை மட்டும் போட்டுப் பாருங்களேன்?

பழைய_ஸ்பேனர்:

கோபி, உங்களுது முன்னாடியும் முழு ஆக்ஸில். லிஃப்ட் பண்ணினா ஆக்ஸிலே திரும்பி, ரெண்டு பக்கமும் காஸ்டர் சமமா குறையும், அதுக்கு அந்த புஷ் சரி. தார்ல முன்னாடி டபுள் விஷ்போன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சிருக்குன்னா ஏதோ ஒண்ணு இடம் மாறியிருக்கு.

தம்பி, உங்க வண்டிக்கு ரெண்டு வியாதி. ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வைத்தியம் சொல்றதாலதான் பில்லு நாலு ஆர்முக்கு வருது.

இழுக்கறதை முதல்ல பாப்போம். சமதளத்துல நிறுத்தி, ஸ்டியரிங்கை நேரா வெச்சு, முன் ஹப்போட நடுவுல இருந்து பின் ஹப்போட நடு வரைக்கும் டேப் பிடிங்க, ரெண்டு பக்கமும். இடது பக்கம் கம்மியா வந்தா சக்கரம் பின்னால போயிருக்கு. கீழ் பால் ஜாயின்ட் (ஆர்ம் நுனியில இருக்கிற உருண்டை மூட்டு) பின்னால நகர்ந்தா காஸ்டர் குறையும், காஸ்டர் குறைஞ்ச பக்கம் வண்டி இழுக்கும். டயர் பின்பக்கம் மட்டும் உரசறதும் அதனாலதான். அடுத்து, சேஸிஸ்ல ஆர்ம் மாட்டியிருக்கிற பிராக்கெட்டோட வெல்டிங் ஓரத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்க. முடி மாதிரி துருக்கோடு ஓடியிருந்தா அங்க விரிசல். பிராக்கெட் நகர்ந்திருந்தா புது ஆர்ம் போட்டும் இழுக்கும்.

நிமித்தற பேச்சே வேண்டாம். ரிக் வேலைக்காரர் கைத்திறமையை நான் குறை சொல்லல, அவங்க நிமித்தற சேஸிஸ் தடியான இரும்புச் சேனல், மேல பட்டை வெச்சும் வெல்டு அடிப்பாங்க. இந்த ஆர்ம்ல சூடு காட்டினா புஷ் ரப்பரும் பால் ஜாயின்ட் கிரீஸும் கெடும், இரும்போட பலமும் போகும். பெயிண்ட் சுருங்கின இடத்துலதான் அது மடிஞ்சிருக்கு. நிமித்தினா அதே இடத்துலதான் அடுத்து கிழியும். ஓடற வண்டியில லோயர் ஆர்ம் விட்டா சக்கரம் மடங்கி உள்ள படுத்துக்கும்.

சத்தம் வேற கதை. ஷாக்கோட அடிப்பக்கம் லோயர் ஆர்மோட நடுவாக்குலதான் நிக்குது, அதனால மேல வைக்கிற ஸ்பேசர் தடிமனைவிட வண்டி அதிகமா ஏறும், சக்கரமும் கம்பெனி விட்ட அளவைத் தாண்டிக் கீழ தொங்கும். அப்போ அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்ல போய் இடிக்கும். சேஸிஸ்ல ஜாக்கி கொடுத்து சக்கரத்தைத் தொங்க விட்டு, அப்பர் ஆர்ம்ல ஸ்பிரிங்கைப் பாத்த பக்கம் பெயிண்ட் தேஞ்சு பளபளன்னு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்பர் பால் ஜாயின்ட், ஆக்ஸில் ரெண்டோட ரப்பர் உறையையும் (பூட்) கிழிஞ்சிருக்கான்னு அப்பவே தடவிப் பாத்துருங்க.

சேலம்_பாலிசி:

இன்சூரன்ஸ் கிளெய்ம் யோசனை இருந்தா கவனம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. லிஃப்ட்டைச் சொல்லாம விட்டிருந்தா சர்வேயர் அதைத்தான் முதல்ல எழுதுவாரு. ஒரு ஆர்முக்காக நோ கிளெய்ம் போனஸை விடலாமான்னும் கணக்குப் போடுங்க.

திருச்செங்கோடு_தார்:

கிளெய்ம் போடலைங்க. பழைய_ஸ்பேனர் அண்ணா, டேப் வெச்சுப் பாத்தேன், இடது பக்கம் 14 மி.மீ. கம்மி. பிராக்கெட்ல கோடு எதுவும் இல்ல. அப்பர் ஆர்ம் ரெண்டுலயும் நீங்க சொன்ன மாதிரியே பளபளப்பு. அப்போ லோயர் இடது மட்டும் மாத்தினாப் போதுமா? ரப்பருக்குப் பதிலா பாலி (பாலியூரித்தேன்) புஷ் போட்டா நல்லதுங்கிறாங்களே?

பழைய_ஸ்பேனர்:

இடது மட்டும் போதும், புஷ், பால் ஜாயின்ட்டோட ஒரிஜினல் அசெம்பிளியா வாங்குங்க. வலது புஷ்ல வெடிப்பு இருந்தா அதையும் சேத்துப் பாத்துக்கலாம். பாலி புஷ் நம்ம புழுதிக்குக் கிறீச் கிறீச்னு கத்தும், எனக்குப் பிடிக்காது. பாறையில முட்டின அடி டை ராடு (ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கிற கம்பி) வழியாவும் போயிருக்கும், அது நேரா இருக்கான்னு பாருங்க.

கழட்டும்போது, பால் ஜாயின்ட் நட்டை முழுசா எடுக்காம நாலு புரி விட்டு, நக்கிள்ல (ஹப்பைத் தாங்குற இரும்பு) பால் ஜாயின்ட்டோட கூம்பு முனை உக்காந்திருக்கிற கண்ணுப் பக்கம் சுத்தியால ரெண்டு போடு போட்டா விட்டுரும். ஃபோர்க் விட்டு நெம்பினா ரப்பர் உறை கிழியும். பிரேக் காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டுங்க, ஏபிஎஸ் வயர் இழுபடாமப் பாத்துக்கங்க. நட்டு கழலாமப் பிடிக்கிற காட்டர் பின் புதுசு போடுங்க.

பட்டறையில பக்கத்துல நின்னு பாக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. வண்டி ஜாக்கியில தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. நடுக்குழாயை போல்ட் பிடிச்சுக்கும், வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சுரும். கையிறுக்கமா விட்டு, சக்கரம் தரையில நின்னு வண்டி பாரம் முழுசா உக்காந்ததும் டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்க. அவசரக்காரங்க தொங்கலிலயே இம்பாக்ட் கன்னை வெச்சுருவாங்க.

ஸ்பேசரை எடுத்துருங்கங்கிறதுதான் என் அபிப்பிராயம். ரெண்டு இஞ்ச் கட்டாயம் வேணும்னா அந்த உயரத்துக்குன்னே செஞ்ச ஷாக்கு, ஸ்பிரிங், அப்பர் ஆர்ம் மூணும் சேத்துப் போடணும். எதுவானாலும் ஆர்ம் மாத்துற அன்னிக்கே முடிவு பண்ணிருங்க. புஷ்ஷை இறுக்கின பிறகு உயரத்தை மாத்தினா திரும்ப லூஸ் பண்ணி இறுக்கணும், அலைன்மென்ட்டும் திரும்பப் பாக்கணும்.