வெற்றியா, புள்ளியா? நேஷன்ஸ் லீக் அட்டவணையும் அதில் இல்லாத இந்தியாவும்

அல்சூர்க்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அல்சூர் ஏரிக்கு அருகில் குடியிருக்கிறேன். காணும் பொங்கலன்று ஊரில் நடக்கும் வாலிபால் போட்டியைத் தவிர வேறெதையும் அறியாமல் இருந்த நான், கடந்த சில ஆண்டுகளாகத்தான் தேசிய அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆண்கள் வாலிபால் நேஷன்ஸ் லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் என்னைப் போலவே பைத்தியம் பிடித்தவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஆட்டம் முடிந்த பிறகு மொட்டை மாடியில் நின்று விவாதிப்பது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு விவாதத்தில் எழுந்து இன்னும் தீராத இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன். முதலாவது, லீக் சுற்றின் அட்டவணையில் அதிகப் புள்ளிகள் பெற்ற அணி கீழேயும், குறைந்த புள்ளிகள் பெற்ற அணி மேலேயும் நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். கால்பந்தில் இப்படி நடப்பதில்லை. புள்ளிக்கு மதிப்பில்லை என்றால் புள்ளி எதற்காக? இரண்டாவது, 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை ஐந்து செட்களில் வென்ற இந்திய அணி, ஏன் இந்த லீக்கின் வாசலில்கூட நிற்கவில்லை? விளக்கத் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோட்டு நடுவர் எழுதுகிறார்:

நண்பரே, ஜாலஹள்ளியில் வசிக்கிறேன். மாவட்ட அளவிலான போட்டிகளில் புள்ளிப் பதிவாளராக உட்கார்ந்த பழக்கம் உண்டு என்பதால் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

சர்வதேச வாலிபாலில் முதலில் மூன்று செட் எடுப்பவருக்கே வெற்றி. 3-0 அல்லது 3-1 என்று வென்றால் வென்றவருக்கு 3 புள்ளிகள், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. ஆனால் நேஷன்ஸ் லீக்கில் அணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் பார்க்கப்படுவது வெற்றிகளின் எண்ணிக்கைதான். அது சமமாக இருந்தால் மட்டுமே புள்ளிகளைப் பார்ப்பார்கள். நீங்கள் கண்ட குழப்பம் முழுவதும் இந்த வரிசை முறையிலிருந்து வருவது.

ஒவ்வோர் அணியும் லீக் சுற்றில் மூன்று வாரங்களில் வாரத்துக்கு நான்காக 12 ஆட்டங்கள் ஆடுகிறது. ஓர் அணி 8 வென்று, அவற்றில் நான்கை 3-2 என்று இழுத்துப் பிடித்து வென்று, தோற்ற நான்கிலும் நேர் செட்களில் தோற்றிருந்தால் அதன் கணக்கு 20 புள்ளிகள். இன்னோர் அணி 7 மட்டுமே வென்றாலும், ஏழையும் முழுப் புள்ளிகளோடு வென்று, தோற்ற ஐந்தில் மூன்றை ஐந்தாவது செட் வரை கொண்டு போயிருந்தால் அதற்கு 24. ஆனாலும் 20 புள்ளிகள் எடுத்த அணிதான் மேலே நிற்கும். லீக் சுற்றிலிருந்து எட்டு அணிகளே நாக் அவுட்டுக்குப் போவதால், ஏழாவது எட்டாவது இடங்களில் இந்த வேறுபாடு ஓர் அணியை வீட்டுக்கே அனுப்பிவிடும்.

என் பார்வையில் இது நியாயமான முறை. ஐந்தாவது செட் 15 புள்ளிகள் மட்டுமே கொண்டது. அங்கே இரண்டு நல்ல சர்வீஸ்கள் ஆட்டத்தைத் திருப்பிவிடும் என்பது உண்மைதான். என்றாலும் அந்த அழுத்தத்தில் வெல்வதும் ஒரு திறமை; நெருங்கித் தோற்றே மேலே ஏறும் வழியை அடைப்பது நல்லது.

பின்வரிசை எழுதுகிறார்:

மேலே எழுதியவரின் கணக்கு சரி. முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. 7 வென்ற அணி அந்த 12 ஆட்டங்களில் மொத்தமாக எத்தனை செட் வென்றது, எத்தனை இழந்தது என்று கூட்டிப் பாருங்கள். எந்த அணி நன்றாக ஆடியது என்பதில் ஐயமே எழாது. வெற்றியை முதலில் வைப்பது பார்வையாளருக்கு எளிதில் புரியும் என்பதற்காகச் செய்த ஏற்பாடாகவே எனக்குத் தோன்றுகிறது. அல்சூர் நண்பரின் குழப்பத்தைப் பார்த்தால் அந்த நோக்கமும் நிறைவேறியதாகத் தெரியவில்லை.

ஜீவன்பீமா நகர் பெரியவர் எழுதுகிறார்:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் இந்த ஊரிலேயே ஆடியும் ஆட்டுவித்தும் ஓய்வு பெற்றவன் நான்.

வாசலில்கூட நிற்கவில்லை என்றீர்கள். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1990 முதல் 2017 வரை நடந்த வேர்ல்டு லீக்குக்குப் பதிலாக 2018-இல் நேஷன்ஸ் லீக் வந்தபோது 16 அணிகள் இருந்தன; 2025 முதல் 18. தொடக்கத்தில் சேலஞ்சர் கோப்பை என்ற தனிப் போட்டியில் வென்றால் உள்ளே வரலாம் என்று இருந்தது. அந்தக் கதவும் 2024-க்குப் பிறகு மூடப்பட்டது. இப்போது உலகத் தரவரிசைதான் நுழைவுச் சீட்டு: லீக்கில் கடைசியாக வரும் அணி வெளியேறும், வெளியில் இருப்பவற்றில் தரவரிசையில் முன்னால் இருக்கும் அணி அந்த இடத்துக்கு வரும்.

தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால்தான் நம் சிக்கல் விளங்கும். சதுரங்க வீரர்களின் தரப்புள்ளியைப் போல, ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஓர் அணியிடமிருந்து இன்னோர் அணிக்குப் புள்ளி கைமாறுகிறது. ஒருவர் பெறுவதை மற்றவர் இழக்கிறார். வலுவான அணி மெலிந்த அணியை வென்றால் மிகச் சொற்பமே கிடைக்கும். மெலிந்த அணி வலுவானதைச் சாய்த்தால் அள்ளிக்கொள்ளும். அத்தோடு போட்டிக்குப் போட்டி எடை மாறும்: ஒலிம்பிக்குக்கு மிக அதிகம், அடுத்து உலகச் சாம்பியன்ஷிப், அதற்கடுத்து நேஷன்ஸ் லீக். உள்ளே இருக்கும் அணிக்கு ஆண்டுதோறும் எடை மிகுந்த 12 ஆட்டங்கள், அதுவும் போலந்து, இத்தாலி, பிரேசில் போன்றவர்களோடு, உறுதியாகக் கிடைக்கின்றன. வெளியே இருப்பவருக்கு எடை குறைந்த சில ஆட்டங்களே உண்டு. உள்ளே போவதற்குப் புள்ளி வேண்டும்; புள்ளி சேர்ப்பதற்கு உள்ளே இருக்க வேண்டும். இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நீங்கள் குறிப்பிட்ட தென்கொரியாவே 2018-இல் இந்த லீக்கில் 16-ஆவதாக வந்து வெளியேறியதுதான். ஹாங்சௌவில் நம்மிடம் தோற்ற பிறகு பாகிஸ்தானிடமும் நேர் செட்களில் தோற்று, 61 ஆண்டுகளில் முதன்முறையாக ஆசிய விளையாட்டிலிருந்து பதக்கமில்லாமல் திரும்பியது. ஆகவே கொரியாவை வென்றதை வைத்து நம் உயரத்தை அளக்க வேண்டாம் என்பேன். ஐந்தாவது செட்டை 17-15 என்று முடித்த அந்த ஆட்டத்தில் நானும் நாற்காலியில் உட்காரவில்லை என்பது வேறு விஷயம். அதே போட்டியின் காலிறுதியில் ஜப்பானிடம் ஒரு செட்கூட எடுக்க முடியாமல் தோற்று, முடிவில் ஆறாவது இடத்தில் நின்றோம்.

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. ஆசிய விளையாட்டில் 1958-இல் டோக்கியோவில் வெண்கலம், 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளி, 1986-இல் சியோலில் மீண்டும் வெண்கலம். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் பழனிசாமி. பிறகு 1982-இல் நம் ஜி. இ. ஸ்ரீதரன் பெற்றார். சியோல் அணியில் இருந்த ஜிம்மி ஜார்ஜ் இத்தாலியின் லீக்கில் ஆடிய மனிதர். 1987-இல் அங்கேயே கார் விபத்தில் இறந்துபோனார். அவர் எகிறி நிற்கும் நேரத்தில் கீழே ஒரு பீடி பற்றவைத்துவிடலாம் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வோம்.

அந்தப் பதக்கங்கள் எல்லாம் பழைய விதிகளின் காலத்தவை என்பதையும் மறக்கக் கூடாது. அப்போது சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் புள்ளி. நம் சர்வீஸில் நாம் பிழை செய்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், புள்ளி போகாது. 1990-களின் இறுதியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறையும், பின்வரிசையில் பந்தெடுப்பதற்கென்றே லிபரோ என்ற தனி வீரரும் வந்த பிறகு ஆட்டத்தின் குணமே மாறியது. இன்று முதல் பந்தைச் சரியாக எடுத்து, அடிப்பவருக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் செட்டரின் கையில் சேர்க்கும் அணிதான் பிழைக்கிறது. நாம் இன்னும் உயரமான அடிகாரரையும், செட்டருக்கு எதிர்நிலையில் நின்று அடிக்கும் யுனிவர்சலையும் தேடிக்கொண்டே இருக்கிறோம். பந்து எடுப்பவரை வளர்ப்பதில் அந்த அக்கறையைக் காட்டுவதில்லை. இது என் நெடுநாள் மனக்குறை.

2023 டிசம்பரில் ஆண்கள் கிளப் உலகச் சாம்பியன்ஷிப் நம் கோரமங்கலா உள்விளையாட்டரங்கில் நடந்தபோது போய்ப் பார்த்தேன். தேசிய அணிகளின் போட்டி இல்லைதான். ஆனால் உலகத் தரம் என்றால் என்ன என்பதை இந்த ஊரிலேயே காணக் கிடைத்த வாய்ப்பு அது. கோப்பையை வென்ற பெருஜியா அணியின் செட்டர் ஜியனெல்லி, இத்தாலி தேசிய அணியின் தலைவர். 2022-இல் போலந்தின் மண்ணிலேயே போலந்தைத் தோற்கடித்து உலகச் சாம்பியனான அணியை நடத்தியவர். அவர் கையில் பந்து விழும்வரை அது எந்தப் பக்கம் போகும் என்று தடுப்புக்கு நிற்பவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தியாவின் சார்பில் ஆடிய ஆமதாபாத் அணிக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை. நம் பிரைம் வாலிபால் லீக்கில் ஒரு செட் 15 புள்ளிகளோடு முடிந்துவிடும். சர்வதேச ஆட்டத்தில் 25. பதினைந்து வரை ஈடுகொடுத்து நின்றுவிட்டுப் பதினெட்டில் மூச்சு வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த லீக் வந்ததால் இளைஞர்களுக்கு வருமானமும் பெயரும் கிடைத்திருக்கின்றன, அதில் எனக்கு மகிழ்ச்சிதான்; ஆனால் குறுகிய செட்டுகள் நம் குறையை மறைக்கின்றன.

வழி இல்லையா என்று கேட்பீர்கள். ஜப்பானைப் பாருங்கள். அவர்களும் ஐரோப்பியர்களைவிடக் குட்டையானவர்கள்தான். யுனிவர்சலாக ஆடும் நிஷிதா 1.9 மீட்டர்கூட இல்லை. பிரான்சைச் சேர்ந்த பிலிப் பிளேன் பயிற்சியில் அவர்கள் பந்தெடுப்பை உலகத்தின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். இஷிகாவா இளம் வயதிலேயே இத்தாலிக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஆடினார். அடிப்பதுபோல் எகிறி, காற்றில் இருக்கும்போதே பந்தைச் சகவீரருக்குத் தள்ளிவிடும் ரான் தகஹாஷியின் வித்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2023 நேஷன்ஸ் லீக்கில் வெண்கலம், 2024-இல் வெள்ளி. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலியை முதல் இரண்டு செட்டிலும் வென்று, மூன்றாவதில் வெற்றிப் புள்ளிக்கே வந்து, கடைசியில் 15-17 என்று ஐந்தாவதை இழந்தார்கள். நம் அணியில் ஜெரோம் வினித், உக்கிரபாண்டியன் போன்ற தமிழகப் பிள்ளைகள் ஆடும்போது, இவர்களை ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வெளிநாட்டு லீக்குகளுக்கு அனுப்பியிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு வந்துபோகும்.

பின்வரிசை எழுதுகிறார்:

பெரியவர் ஐயாவின் கருத்தில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நம் இளைஞர்களால் முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003-இல் தாய்லாந்தில் நடந்த 19 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியா இறுதி ஆட்டம் வரை போய்ப் பிரேசிலிடம்தான் தோற்றது. அந்த வயதில் உலகத்தில் இரண்டாவதாக நின்ற ஒரு தலைமுறை, பெரியவர்கள் அணிக்கு வந்தபோது அந்த இடத்தில் நிற்கவில்லை. பந்தெடுப்புப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது, 19 வயதுக்கும் 24 வயதுக்கும் இடையில் நம் வீரர்களுக்கு எத்தனை சர்வதேச ஆட்டங்கள் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அல்சூர்க்காரன் எழுதுகிறார்:

ஐயா, உங்கள் பதிலை நேற்றிரவு மொட்டை மாடியில் உரக்கப் படித்துக் காட்டினேன். கன்னட நண்பருக்கு நானே மொழிபெயர்த்தும் சொன்னேன். பீடிக் கணக்குக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கோட்டு நடுவருக்கு இன்னும் ஒரு கேள்வி: வெற்றியும் சமம், புள்ளியும் சமம் என்றால் எதைப் பார்ப்பார்கள்? வென்ற செட்களின் எண்ணிக்கையையா?

கோட்டு நடுவர் எழுதுகிறார்:

எண்ணிக்கையை அல்ல, விகிதத்தை. வென்ற செட்டுகளை இழந்த செட்டுகளால் வகுப்பார்கள். இரண்டு அணிகளும் 8 வெற்றி, 23 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 28 செட் வென்று 18 இழந்திருந்தால் விகிதம் 1.556, மற்றது 27 வென்று 17 இழந்திருந்தால் 1.588. ஒரு செட் குறைவாக வென்ற அணிதான் மேலே போகும். அதுவும் சமமானால் எடுத்த மொத்தப் புள்ளிகளை விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆகையால் 0-2 என்று பின்தங்கிய அணி மூன்றாவது செட்டில் 24-15 என்ற நிலையிலும் பந்துக்காக விளம்பரப் பலகையின் மீது பாய்ந்தால், அது வீண் வேலை என்று உங்கள் மொட்டை மாடியில் யாரும் சொல்ல வேண்டாம்.