வலி மாத்திரை வாய் கேன்சரை அடக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு நாக்கு ஓரத்துல புண், பயாப்ஸில கேன்சர்னு வந்துடுச்சு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை கேன்சர் செல் வளர்றத குறைக்கும்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா, இப்பவே குடுக்கலாமா?

பதில் 1: ஓரளவு உண்மைதாங்க. வாய் கேன்சர் செல்லுல காக்ஸ்-2ன்னு ஒரு என்சைம் நிறைய கேஸ்ல அளவுக்கு மீறி இருக்கும், அது ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2ன்னு ஒரு பொருள உண்டாக்கும், அது செல்ல சாகவிடாம பெருக வைக்கும், கட்டிக்கு புது ரத்தக்குழாயும் இழுத்துட்டு வரும். இந்த மாத்திரைங்க அந்த என்சைமத்தான் அடைக்குது. ஆனா லேப் தட்டுல ஊத்துற டோஸ் வேற, உடம்பு தாங்குறது வேற.

பதில் 2: வாயில வெள்ளைத் திட்டு (கேன்சரா மாற வாய்ப்பு இருக்கறது) இருந்தவங்களுக்கு கீட்டோரோலாக்ன்னு இதே வகை வலி மருந்த வச்சு வாய் கொப்புளிக்க குடுத்துப் பாத்தாங்க, சும்மா மருந்தில்லாத தண்ணிய விட பெருசா ஒண்ணும் பலன் இல்ல. காக்ஸ்-2வ மட்டும் குறிவச்சு அடைக்கிற ரோஃபெகாக்சிப்ங்கிற மாத்திரை ஹார்ட் பிரச்சனையால 2004லயே வாபஸ் ஆச்சு.

பதில் 3: நீங்களா குடுத்துடாதீங்க ப்ளீஸ். சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்து ஏத்துனா அதுவே கிட்னிய அடிக்கும், இந்த வலி மாத்திரையும் சேந்தா இன்னும் மோசம், ஆபரேஷன்னா ரத்தம் சீக்கிரம் நிக்காம போகலாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க.

கேட்டவர்: நல்லவேளை கேட்டேன், நேத்தே ஒரு பட்டை வாங்கி வச்சிருந்தேன்.