இடப்பக்க வளைவில் மட்டும் சுழன்றுவிடும் 2 வீல் டிரைவ் பக்கி, எங்கே பார்ப்பது?

புதுத்தடம் எழுதியது:

வணக்கம். மூன்று வாரமாக மண்டையைக் குடையும் ஒரு சிக்கல், இங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று வருகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸ் பக்கம். 1/10 அளவு ரிமோட் கார், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2 வீல் டிரைவ் பக்கி, மோட்டார் நடுவில் இருக்கும் வகை, போன வருடம் பழையதாக வாங்கியது. 7.5 டர்ன் சென்சார் மோட்டார், 2 செல் ஷார்ட்டி லிப்போ பேட்டரி. ஞாயிறுதோறும் ஒரு சின்னக் கிளப்பில் ஓட்டுகிறேன். தடம் முழுக்க ஆஸ்ட்ரோடர்ஃப், அதாவது செயற்கைப் புல், நடுவில் மரப்பலகையில் செய்த இரண்டு தாவல்கள்.

இடப்பக்கம் திரும்பும் வளைவில் நுழையும்போது த்ராட்டிலை விட்டவுடன் வால் சட்டென்று வெளியே போய் வண்டி அப்படியே திரும்பி நின்றுவிடுகிறது. வலப்பக்க வளைவில் இது இல்லை, கோடு போட்டது போலப் போகிறது. முதலில் என் கைதான் காரணம் என்று நினைத்தேன். கிளப்பில் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வரும் ஒருவரிடம் ரேடியோவைக் கொடுத்துப் பார்த்தேன், அதே இடத்தில் அவரும் சுற்றினார்.

இதற்கு முந்தைய வாரம் மழையில் ஒரு போட்டி. வண்டிக்குள் எல்லாம் தண்ணீர், பேரிங் ஒன்று விடாமல் மாற்ற வேண்டியதாயிற்று, அதனால் முழுவதையும் பிரித்துக் கழுவித் திரும்பப் பூட்டினேன். அப்புறம்தான் இது ஆரம்பித்தது.

சரிசெய்ய இதுவரை செய்தவை: பின்னால் ஸ்பிரிங் ஒரு படி மென்மையாக மாற்றினேன், பின் ஷாக் அப்சார்பரில் 30 எண்ணெயை எடுத்துவிட்டு 35 ஊற்றினேன், பின் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, 1 டிகிரியிலிருந்து 2 ஆக்கினேன். அதுவும் சரிவராததால் இணையத்தில் கிடைத்த ஓர் அமெரிக்க ஓட்டுநரின் செட்டப் தாளை (தன் வண்டியின் அளவுகளை அவர் எழுதிவைத்தது) அப்படியே போட்டேன். இப்போது வலப்பக்க வளைவும் கெட்டுவிட்டது. டிராக் பிரேக் (த்ராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) 20 சதவீதம், அதை மட்டும் தொடவில்லை. டயர் முன்னால் கட் ஸ்டேக்கர், பின்னால் சின்ன முள் வைத்த மினி பின், இரண்டும் மஞ்சள் ரப்பர் வகை.

இன்னொன்று, தாவலில் மூக்கு குத்துகிறது. பலகையை விட்டு எழுந்ததும் முன்பக்கம் தாழ்ந்துபோய் இறங்குகிறது, இரண்டு முறை முன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) உடைந்தது. இதுவும் அதுவும் ஒரே நோயா, வேறுவேறா? எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

செம்மண் தடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் கோயம்புத்தூர் பக்கம். இங்கே நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்று நிலத்தைச் சமப்படுத்தி, பழைய சொட்டுநீர்க் குழாயை ஓரமாக அடித்து ஒரு தடம் வைத்திருக்கிறோம். காய்ந்த செம்மண், மேலே எப்போதும் ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. வால் வெளியே போவது எங்களுக்குத் தினசரிப் பாடு.

நான் முதலில் டிஃப்பைப் பார்ப்பேன், அதாவது இரண்டு பின்சக்கரத்துக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியலை. கியர் டிஃப்தானே? எண்ணெய் ரொம்ப மெலிசாக இருந்தால் த்ராட்டிலை விட்டதும் பின்பக்கம் நிலைகொள்ளாது. 5000 இருந்தால் 7000 போட்டுப் பாருங்கள். பிரித்துக் கழுவினேன் என்கிறீர்கள், அப்போது எண்ணெய் வெளியேறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஷாக் எண்ணெய் பற்றி ஒன்று. 30, 35 என்ற எண்ணை நம்பி வேறு வேறு கம்பெனிப் புட்டிகளைக் கலக்காதீர்கள், ஒருவருடைய 35 இன்னொருவருடைய 35 ஆக இருக்காது, புட்டியில் சிஎஸ்டி எண் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) போட்டிருந்தால் அதைப் பாருங்கள். சூடு ஏறினால் எண்ணெய் இளகும். சித்திரை வெயிலில் மதியம் ஓட்டினால் நான் மார்கழியில் போட்டதைவிட ஒரு படி கெட்டியாகத்தான் போடுவேன், இல்லாவிட்டால் தாவி இறங்கும்போது அடித்தட்டு தரையில் அறையும்.

முள்டயர் எழுதியது:

தம்பி, முதலில் கையை எடுங்கள். ஸ்பிரிங், எண்ணெய், கேம்பர், அந்தச் செட்டப் தாள், எல்லாவற்றையும் மழைப் போட்டிக்கு முன்னால் என்ன இருந்ததோ அதற்கே திருப்பிவிடுங்கள். அந்தத் தாள் எந்தத் தரைக்கு எழுதியது என்று மேலே பார்த்தீர்களா? அமெரிக்காவில் எழுதும் தாள்களில் நிறைய களிமண் தடத்துக்கானவை. களிமண்ணுக்கு எழுதியதை நம் புல்லில் போட்டால் ரைடு ஹைட்டிலிருந்து (தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள உயரம்) டயர் வரை ஒன்றும் பொருந்தாது. நான் இங்கே பதினாறு வருடமாகப் புல்லிலும் குளிர்காலத்தில் கார்ப்பெட்டிலும் ஓட்டுகிறேன். தாள் போட்டு வண்டியைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் வண்டியை எத்தனையோ முறை என் மேசையில் வைத்துப் பிரித்திருக்கிறேன்.

செம்மண் நண்பர் சொல்வது அவர் தரைக்குச் சரி, ஆனால் இங்கே காரணம் அது இல்லை. டிஃப் இடம் வலம் பார்க்காது. ஸ்பிரிங்கும் எண்ணெயும் இரு பக்கமும் ஒன்றாகவே மாற்றினீர்கள், அவையும் பார்க்காது. ஒரு பக்க வளைவில் மட்டும் வண்டி சுற்றுகிறது என்றால் வண்டியின் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. அதுவும் பிரித்துப் பூட்டிய பிறகு வந்தது. எதையோ மாற்றிப் பூட்டியிருக்கிறீர்கள், அல்லது ஏதோ வளைந்திருக்கிறது.

இடப்பக்கம் திரும்பும்போது எடை எங்கே போகிறது? வலப்பக்க டயர்களுக்கு. த்ராட்டிலை விட்டவுடன் கொஞ்சம் முன்னாலும் போகிறது. அப்போது வாலைப் பிடித்துவைப்பது கிட்டத்தட்ட வலது பின்டயர் ஒன்றுதான். அதனால் அந்த மூலையில் தேடுங்கள்.

தேடும் வரிசை சொல்கிறேன். முதலில் டயர். வலது, இடது பின்டயர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முள்ளின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். மினி பின்னில் முனை உருண்டுவிட்டால் புல்லில் பிடிப்பு போய்விடும், ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக மாட்டியிருந்தால் அங்கேயே கதை முடிந்தது. உள்ளே ஃபோம் நனைந்து ஒரு பக்கம் சுருண்டிருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள், மழையில் ஓட்டியது என்பதால் சொல்கிறேன்.

அடுத்து ஷாக்குகள். நான்கையும் கழற்றி, முழுதாக நீட்டி, வெர்னியரால் நீளம் பாருங்கள். முன் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், பின் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், அரை மில்லிமீட்டர்கூட விடாதீர்கள். பிஸ்டனைத் தள்ளும்போது ஒன்றில் களக் களக் என்று சத்தம் வந்தால் காற்று புகுந்திருக்கிறது.

அப்புறம் வண்டி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வண்டியை வைத்து, பின்பக்கம் சரியாக நடுவில் கத்தி முனையை விட்டு மெதுவாகத் தூக்குங்கள், ஆன்டி ரோல் பார் (இடது வலது ஆர்ம்களை இணைக்கும் கம்பி) இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பேட்டரி அதன் இடத்தில் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க வேண்டும், அதுவும் இதில் தெரிந்துவிடும்.

கடைசியாகச் சொன்னாலும் என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான்: பின் ஆர்ம்கள் ஆடும் கம்பியான ஹிஞ்ச் பின் உட்காரும் பில்கள். துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள். டோ-இன்னும் (சக்கரத்தின் முன்முனை உள்நோக்கித் திரும்பியிருக்கும் கோணம்) ஆன்டி ஸ்க்வாட்டும் (ஹிஞ்ச் பின்னின் முன்பின் சாய்வு) அவற்றால்தான் மாறுகின்றன. இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக இருக்க வேண்டும். பிரித்துப் பூட்டும்போது இரண்டையும் ஒரே திசையில் மாட்டிவிட்டால் ஒரு சக்கரத்தின் டோ-இன் குறைந்துபோகும், கண்ணுக்குத் தெரியாது. வலது பின்சக்கரத்தில் அது குறைந்தால் நீங்கள் சொல்லும் நோய் அப்படியே வரும்.

அளக்கக் கருவி இல்லையென்றால் கட்டக் காகிதம் போதும். நடுக்கோட்டில் வண்டியை நேராக வைத்து, பின்சக்கரத்தின் வெளிப்பக்கம் 15 செ.மீ. ஸ்கேலை ஒட்டிவைத்து, ஸ்கேலின் இரண்டு முனைகளும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2.6 மி.மீ. வேறுபாடு வரும். 3 டிகிரி டோ-இன் என்றால் 8 மி.மீ. பக்கம். டயர் ஒட்டாத வெறும் வீல் கையில் இருந்தால் அதை மாட்டி அளப்பது இன்னும் நல்லது, ரப்பர் பிதுங்கி ஏமாற்றாது.

கிள்ளான்வாசி எழுதியது:

முள்டயர் ஐயா சொன்னதற்குமேல் வளைவைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, நான் தாவலுக்கு வருகிறேன். நான் மலேசியாவில், கிள்ளானில்.

நண்பரே, பலகையின் உச்சிக்கு வரும்போது உங்கள் விரல் என்ன செய்கிறது என்று யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் விரல் தானாக விடும், விடுகிறோம் என்று நமக்கே தெரியாது. உங்கள் டிராக் பிரேக் 20 சதவீதம், அப்படியென்றால் விரலை விட்ட நொடியிலேயே பின்சக்கரம் பிரேக் போட்டுவிட்டது. வண்டி காற்றில் இருக்கும்போது சுழலும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் அந்தச் சுழற்சி உடலுக்குப் போகும், மூக்கு தாழும். வேகமாகச் சுழலவிட்டால் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும், மூக்கு எழும். விமானி போலக் காற்றிலேயே வண்டியைச் சமன் செய்கிறார்களே, அவர்கள் செய்வது இதுதான்.

அதனால் ஏறும் பலகை முழுவதும் த்ராட்டில் ஒரே அளவில் இருக்கட்டும். வேகம் அதிகம் என்றால் பலகைக்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள், பலகை மேல் குறைக்க வேண்டாம். மூக்கு தாழ்கிறது என்று தெரிந்தால் காற்றில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவு போதும். முழு த்ராட்டிலோடு தரையில் இறங்காதீர்கள், அந்த அடி முழுதும் ஸ்பர் கியரிலும் டிஃப்பிலும் போய் விழும், ஸ்லிப்பர் (அதிர்ச்சியில் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) இறுக்கமாக இருந்தால் பல் போய்விடும்.

டிராக் பிரேக்கை 5 வரை இறக்கிப் பாருங்கள். 2 வீல் டிரைவில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், வாலைப் பிடிக்க வேண்டிய டயரையே நீங்கள் பூட்டிவிடுகிறீர்கள். புல் தானாகவே வண்டியை இழுத்துப் பிடிக்கும் தரை, அதற்கு 20 எதற்கு? எனக்குத் தெரிந்து உங்கள் இரண்டு நோய்க்கும் நடுவில் இது ஒன்றுதான் பொது.

புதுத்தடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, முடிவைச் சொல்லத்தான் வந்தேன்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு சனிக்கிழமை இரவு கட்டக் காகிதத்தோடு உட்கார்ந்தேன். டயர் இரண்டும் ஒரே மாதிரி. பின் ஷாக் நீளம் சமம், ஆனால் இடது முன்ஷாக்கில் காற்று இருந்தது, அதைத் திறந்து எண்ணெய் ஊற்றிக் குமிழி அடங்கும்வரை வைத்து மூடினேன். கத்தி முனைச் சோதனையில் குறை இல்லை. அப்புறம் ஸ்கேல். இடது பின்சக்கரம் 8 மி.மீ., வலது 5. இரண்டு முறை திருப்பி அளந்தேன், அதேதான். கழற்றிப் பார்த்தால் ஐயா சொன்னது போலவே இரண்டு பில்லும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலதைத் திருப்பிப் போட்டேன், இரண்டும் 8.

ஞாயிறு காலை முதல் சுற்றில் டிராக் பிரேக்கைத் தொடாமல் பில்லை மட்டும் மாற்றிய வண்டியாக ஓட்டினேன், எது எதைச் சரிசெய்தது என்று தெரிய வேண்டும் அல்லவா. ஐந்து நிமிடத்தில் இடப்பக்க வளைவில் ஒருமுறைகூடச் சுற்றவில்லை. இரண்டாம் சுற்றில் டிராக் பிரேக் 6. வளைவுக்குள் நுழையும்போது இன்னும் அமைதி, ஆனால் நீளமான நேர்க்கோட்டின் முடிவில் முன்பைவிடச் சீக்கிரம் பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது, இரண்டு முறை தடத்தின் ஓரக் குழாயில் போய் முட்டினேன். மூன்றாம் சுற்றில் அது பழகிவிட்டது.

தாவல் இன்னும் முழுதாக வரவில்லை. கவிழ்ந்த வண்டியைத் தூக்கிவைக்கும் மார்ஷல் வேலைக்கு நின்ற நண்பர் என் வண்டியைக் கவனித்துவிட்டு, "உச்சிக்கு ஒரு சாண் முன்னாலேயே நீ விடுகிறாய், மோட்டார் சத்தம் அறுகிறது" என்றார். கிள்ளான் நண்பர் சொன்னது அதேதான். அடுத்தடுத்த ஓட்டங்களில் பாதி தாவல் தட்டையாக இறங்கியது, மீதி பழையபடி. ஆர்ம் உடையவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். அக்டோபரில் கிளப் உள்ளரங்கத்துக்குப் போகிறது, கார்ப்பெட். அதற்கு இப்போதே எதை மாற்றி வைப்பது?

முள்டயர் எழுதியது:

8ம் 8ம் என்று படித்ததும் மனசு நிறைந்தது. காற்று புகுந்த முன்ஷாக்கையும் கண்டுபிடித்தீர்களே, அதுவும் இடது முன் மூலையைக் கெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கார்ப்பெட்டுக்கு இப்போதே எதையும் மாற்றாதீர்கள். அங்கே பிடிப்பு அதிகம், வால் வெளியே போவதைவிட வண்டி வளைவில் பக்கவாட்டில் கவிழ்வதுதான் தொல்லை. முதல் நாள் ரைடு ஹைட்டை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கி ஓட்டுங்கள், டயரை உங்கள் கிளப் ஆட்களைக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு அரங்கத்திலும் விதி வேறு. அப்போதும் கவிழ்ந்தால் இங்கே எழுதுங்கள். அதுவரை அந்தக் கட்டக் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம், ஒவ்வொரு முறை ஆர்ம் மாற்றிய பிறகும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

செம்மண் தடம் எழுதியது:

இதைப் படித்துவிட்டு நானும் என் வண்டியை அளந்தேன். பின் ஷாக் இரண்டும் 1 மி.மீ. வித்தியாசம், இடது நீளம். ஷாக்கின் முனையில் இருக்கும் ஐலெட்டைத் திருகிச் சமமாக்கினேன், ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முள்டயர் ஐயா, புழுதித் தரையில் பின் டோ-இன் 3 போதுமா, இல்லை 3.5 வரை போகலாமா? அரை டிகிரி கூட்டும் பில் ஒரு ஜோடி என் பெட்டியில் சும்மா கிடக்கிறது.