கோபே துறைமுகத்தக் கவுத்தது பூகம்பமா, பூசானா?

அலையாத்தி:
ஜப்பான் துறைமுக ஊருன்னா எல்லாரும் யோகோஹாமாவத்தான் சொல்றாங்க, எனக்கு கோபே தான். பின்னாடி 931 மீட்டர்ல ரொக்கோ மலை, முன்னாடி கடல், நடுவுல பட்டையா ஊரு, 15 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியா ஜனம். 1868 ஜனவரி 1ல வெளிநாட்டுக் கப்பலுக்குத் திறந்துவிட்டாங்க. அப்புறம் இடம் பத்தலன்னு மலைய வெட்டி, மண்ண கன்வேயர் பெல்ட்ல கரைக்கு இறக்கி பார்ஜ்ல ஏத்திக் கொட்டி, போர்ட் ஐலண்ட், ரொக்கோ ஐலண்ட்னு தீவையே உண்டாக்குன ஆளுங்க. 1994ல கன்டெய்னர்ல உலகத்துலயே 6வது இடம். 1995 ஜனவரி 17 விடியகாலை 5:46க்கு பூகம்பம் வந்துச்சு, 6,434 பேர் செத்தாங்க, துறைமுகமும் அன்னைக்கே முடிஞ்சுது. அது மட்டும் நடக்கலன்னா இன்னைக்கும் டாப் 10ல இருந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சிவசப்படாதீங்க பாஸ். அந்த 6வது இடத்துல வேற நாட்டுக்குப் போற பெட்டிய கோபேல இறக்கி மாத்தி ஏத்துன கணக்கும் நிறைய இருக்கு. அந்த மாதிரி சரக்கு எங்க சீப்போ அங்க போயிடும், தென்கொரியாவோட பூசான் துறைமுகம் பக்கத்துலயே கம்மி ரேட்டுக்குக் கடையத் திறந்து உக்காந்திருந்தான். ஜப்பான் கம்பெனிங்களும் ஃபேக்டரிய சீனாவுக்கு நகர்த்த ஆரம்பிச்சாச்சு. யோகோஹாமாவுல 95ல எந்த பூகம்பமும் இல்லயே, அது ஏன் ரேங்க்ல கீழ வந்துச்சு?

அலையாத்தி:
ரேட்டு ஒரு காரணம், ஒத்துக்கறேன். ஆனா கரைச்சுவரே சில இடத்துல 5 மீட்டர் வரைக்கும் கடல் பக்கம் நகந்துடுச்சு, கொட்டுன மண்ணு சேறாப் பொங்கி மேல வந்துச்சு, கிரேன் எல்லாம் காலு விரிஞ்சு நின்னுச்சு. முழுசா சரி பண்ண 2 வருஷம். கப்பல் கம்பெனி 2 வருஷம் பூசான்ல பழகிட்டா எதுக்குத் திரும்பி வருவான்? இதுக்கு கோபேயே சாட்சி. 1923ல யோகோஹாமா பூகம்பத்துல நொறுங்குனப்ப அங்க இருந்த இந்திய வியாபாரிங்க கோபேக்கு வந்தாங்க, நிறைய பேர் அங்கயே தங்கிட்டாங்க. கோபே பட்டு ஏற்றுமதில கால் வச்சதும் அதுக்கப்புறம் தான்.

நாகதாக்காரன்:
ரெண்டு பேரும் பெட்டியவே எண்ணிட்டு இருக்கீங்க. கோபேலயே நாகதா பகுதில சின்னச் சின்ன ஷூ பட்டறைங்க அன்னைக்குத் தீயில கருகிப் போச்சு, அந்தத் தொழில் பழையபடி எழவே இல்ல, பூசான் என்ன ரேட்டு போட்டா அவங்களுக்கென்ன. போர்ட் டவர், கித்தானோ பங்களா, ராத்திரி வியூன்னு டூரிஸ்ட் ஃபோட்டோவுல இவங்க வரமாட்டாங்க. 1935ல கட்டுன மசூதி 1945 குண்டுவீச்சு, 1995 பூகம்பம் ரெண்டையும் தாங்கி நின்னதை மட்டும் எல்லாரும் எழுதறாங்க (நல்ல கட்டடம் தான், இல்லங்கல).

கணக்குப்பிள்ளை:
நாகதா பாயிண்ட் சரி தாங்க, ஆனா மலிவு இறக்குமதி அந்த ஷூக்காரங்களையும் முன்னாடியே நெருக்கிட்டு தான் இருந்துச்சு, தீ வேலைய முடிச்சு வச்சுது. அலையாத்திக்கு ஒரே ஒரு நம்பர்: 2017ல கோபே கையாண்ட கன்டெய்னர் 1994 அளவத் தாண்டிடுச்சு, ரெண்டுமே 29 லட்சத்துச் சொச்சம். சரக்கு திரும்பி வந்தாச்சு, ரேங்க் வரல. ஏன்னா ஷாங்காய், சிங்கப்பூர் எல்லாம் அதுக்குள்ள கோடியத் தாண்டிட்டான். பூகம்பமே வராம இருந்திருந்தாலும் இந்த 29 லட்சத்த வச்சுகிட்டு டாப் 10 கனவு தான்.

அலையாத்தி:
பழைய நம்பர எட்டவே 23 வருஷம், இத திரும்பி வந்ததுன்னு சொல்றீங்க! அந்த 23 வருஷம் வளந்துட்டே போயிருந்தா 29ல நின்னிருக்குமா? அப்புறம் அந்த 1923 பட்டு வியாபாரத்துக்கு நீங்க இன்னும் வாயே தொறக்கலயே.

கணக்குப்பிள்ளை:
தொறக்கறேன். யோகோஹாமா அதுக்கப்புறமும் பட்டுல பெரிய ஆளாத்தான் இருந்துச்சு, ஏன்னா பட்டு நூல் வர்ற குன்மா பக்கம் அதுக்குத் தான் கிட்ட. பின்னாடி சொந்தச் சரக்கு இருந்தா துறைமுகம் எழுந்திரிக்கும். கோபேக்குப் பின்னாடி ஒசாகா இருக்கு, ஆனா ஒசாகாவுக்கே தனியா ஒரு துறைமுகம் இருக்கே.