மகளின் மனச்சோர்வைப் பள்ளியில் சொன்னோம்: எதைச் சொன்னோம், எதை விட்டோம்

என் மகளுக்கு வயது 15. மூன்று மாதங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிர்த்தோழியிடம் கூடப் பேச்சு நின்றுவிட்டது. மனச்சோர்வு என்றார் மனநல மருத்துவர். மருந்தும் உளவியல் ஆலோசனையும் தொடங்கின. "பள்ளியில் ஒருவருக்கும் தெரியக் கூடாது" என்றார் அவள் அப்பா. "சொன்னால் நான் பள்ளிக்கே போக மாட்டேன்" என்றாள் அவள். நானும் சரி என்றுவிட்டேன். அது தவறு என்று உணர எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

மாத்திரை தொடங்கிய புதிதில் அவளுக்குக் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருந்தன. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்திருக்கிறாள். "இரவெல்லாம் கைப்பேசியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறைத்தது நாங்கள்தானே.

ஆனால் என் மனத்தை மாற்றியது வேறொன்று. இவ்வகை மருந்துகள் முழுப் பலன் தரப் பல வாரங்கள் ஆகும் என்றும், தொடக்க வாரங்களில் இளம் வயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். 2004-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட உத்தரவிட்டதாம். வீட்டில் நான் கண்கொத்திப் பாம்பாக இருந்தேன். பகலில் ஏழு மணி நேரம் அவள் பள்ளியில் இருக்கிறாளே, அங்கே யார் பார்ப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக அவளருகே உட்கார்ந்தேன். நான் எழுதியதில் முக்கால்வாசியை அவள் அடித்துவிட்டாள். நோயின் பெயர் போயிற்று, மருந்தின் பெயர் போயிற்று, வீட்டில் நடந்தவை எல்லாம் போயின. மிஞ்சியவை நான்கு வரிகள். மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறாள், காலையில் சோர்வாக இருக்கலாம். கேட்டால் வகுப்பை விட்டுச் சற்று நேரம் வெளியே போக விடுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் தெரிந்தால் உடனே அம்மாவை அழையுங்கள். யாரிடம் கொடுப்பது என்பதையும் அவளே முடிவு செய்தாள்: வகுப்பாசிரியை வேண்டாம், அறிவியல் ஆசிரியை. நான் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உன்னைக் கேட்காமலே சொல்வேன்" என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையசைத்தாள்.

அவள் அப்பாவின் பயம் பதிவேடு பற்றியது. நியாயமான பயம்தான். கடிதம் எங்கே இருக்கும், யார் யார் படிப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுத்தோம்.

உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் வகுப்பு மாறுகிறது; மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் ஆசிரியர்:
அம்மா, நோயின் பெயரை அடித்தது நல்லதே. ஒரு தந்தை பள்ளித் தாழ்வாரத்தில் நின்று, பிள்ளைகள் கடந்து போய்க்கொண்டிருக்கும்போது, தன் மகனுக்குப் பதற்றநோய் என்று என்னிடம் சொன்னார். மதியத்துக்குள் ஆசிரியர் அறையில் அதுவே பேச்சு. பெயர் தெரிந்தும் எனக்குப் பயனில்லை. கரும்பலகைக்கு அழைத்தால் அவன் உறைந்துபோவான் என்பதை யாரும் சொல்லவில்லை. நான் அழைத்தேன். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 10 முதல் 19 வயது வரையானோரில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் 40 பேர் உள்ள என் வகுப்பில் ஐந்தாறு பேர். எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவரோ இருவரோதான்.

கல்லூரி மாணவன், வயது 20:
என் அம்மா என்னிடம் கேட்காமலே சொல்லிவிட்டார். ஒரு திங்கட்கிழமை எல்லா ஆசிரியர்களும் என்னிடம் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார்கள். "நீ ஓய்வெடு" என்று கைப்பந்து அணியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நாள் முழுவதிலும் எனக்கு மூச்சு விட முடிந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அம்மா மேல் இப்போது வருத்தம் இல்லை. அன்று என்னைக் கேட்டிருந்தால் அதை மட்டுமாவது சொல்லியிருப்பேன்.

மகளின் அம்மா:
தம்பி, நீங்கள் எழுதியதை அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். பிறகு புதிய கடிதத்தை எடுத்து ஐந்தாவது வரியைத் தன் கையாலேயே சேர்த்தாள்: "பாட்டுக் குழுவிலிருந்து என்னை எடுக்காதீர்கள்."