வலப்பக்கம் வளையும் பந்து: பிடியை மாற்றுவதா, வீச்சை மாற்றுவதா?

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி)

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு பயிற்சித் திடலில் சில மாதங்களாகக் கோல்ஃப் பழகி வருகிறேன். வலக்கைப் பழக்கம் உடையவள். ஏழாம் எண் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) அடித்தால் பந்து ஏறக்குறைய நேராகப் போகிறது. மிக நீளமான மட்டையான டிரைவரை எடுத்தாலோ, இலக்குக்குச் சற்று இடப்பக்கமாகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து திடலின் ஓர வலைக்கே போய்விடுகிறது. அருகில் நிற்பவர்கள் தலையைத் தூக்காதீர்கள் என்கிறார்கள். என் பெரியப்பாவோ, நம் தென்னாப்பிரிக்க இந்திய கோல்ஃப் வீரர் பாப்வா சேகோலம் பிடித்ததுபோல இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்துப் பார் என்கிறார். எதை முதலில் திருத்துவது?

மறுமொழி (டோங்காட் வாசகர்)

அக்கா, முதலில் உங்கள் கையுறையைப் பாருங்கள். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால், மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள் என்றும், ஒவ்வொரு வீச்சிலும் அது கைக்குள் வழுக்குகிறது என்றும் பொருள். இடக்கை விரல்களின் அடிப்பகுதியில் கைப்பிடி குறுக்காகப் படிய வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு விரல் முட்டிகளாவது தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலான மடிப்பு வலத்தோளை நோக்க வேண்டும். என் கணிப்பில் பிடியைத் திருத்தினாலே பாதி வளைவு அடங்கிவிடும்.

மறுமொழி (மெரிபேங்க் வாசகர்)

பெரியப்பா சொன்னதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வலக்கை ஆட்டக்காரரான பாப்வா, இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துப் பிடித்தே 1959, 1960, 1964 ஆம் ஆண்டுகளில் டச்சு ஓப்பனை வென்றார். 1965 நேட்டால் ஓப்பனில், உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயரையே பின்தள்ளினார். 1963இல் அதே போட்டியை வென்றபோது, நிறவெறி ஆட்சிக் காலத்தில் இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், கொட்டும் மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள் என்பதை நம் வீடுகளில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பிடி யாரும் கற்றுக்கொடுக்காமல் அவருக்குச் சிறு வயதிலேயே படிந்தது. அவருடைய வீச்சு முழுவதும் அதைச் சுற்றியே வளர்ந்தது. பந்து வளைகிறது என்பதற்காக நடுவயதில் அதை மேற்கொண்டால், வளைவு போகும் என்பதற்கு உறுதியில்லை. இதுவரை பழகியது போய்விடும் என்பதற்கு உறுதியுண்டு.

மறுமொழி (லெனேசியா வாசகர்)

டோங்காட் நண்பர் சொன்னது நல்ல யோசனையே. ஆனால் இந்த அக்காவின் பந்து இடப்பக்கம் கிளம்புகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசைதான். அப்படியானால் முகம் ஏற்கெனவே சற்று இடப்பக்கம் பார்க்கிறது. மட்டை செல்லும் பாதை அதைவிடவும் இடப்பக்கமாக, வெளியிலிருந்து உள்நோக்கி, அதாவது பந்துக்கு அப்பாலிருந்து உங்கள் உடல் பக்கமாக, வெட்டிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பந்தை வலப்பக்கம் வளைக்கிறது. பிடியை மட்டும் திருத்தினால் வளைவு குறையும். ஆனால் பந்து நேரே இடப்பக்கக் காட்டுக்குள் போகும். அயர்னில் இந்தக் குறை தெரியாததற்குக் காரணம், அதன் முகத்தின் சாய்வு அதிகம் என்பதால் பந்தின் பின்சுழற்சி கூடிப் பக்கவாட்டு வளைவு குறைவதுதான்.

தோள்களைப் பாருங்கள். டிரைவருக்குப் பந்தை இடக்குதிகாலுக்கு நேராக வைப்பது முறை. அதையும் தாண்டி முன்னால் வைத்தால் அதை எட்டுவதற்காகத் தோள்கள் இடப்பக்கம் திறந்துகொள்ளும், பாதையும் கூடவே திரும்பும். அது சரியாக இருந்தால், கீழ்நோக்கிய வீச்சைத் தோள்களால் தொடங்குகிறீர்களா என்று பாருங்கள். எடை இடக்காலுக்கு மாறி, இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகே கைகள் இறங்க வேண்டும். பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னால், ஒரு வெறும் அட்டைப்பெட்டியை வைத்து அரை வீச்சில் அடியுங்கள். மட்டை வெளியிலிருந்து வந்தால் பெட்டி பறக்கும். தலையைப் பற்றிக் கவலை வேண்டாம். அடித்த பின் உடலோடு சேர்ந்து அது திரும்புவது இயல்பே, அதைக் கட்டிப்போட்டால் இடுப்புதான் நின்றுவிடும்.

கேட்டவரின் பதில்

மிக்க நன்றி. கையுறையில் ஓட்டை இல்லை. ஆனால் பந்தை இடக்காலின் விரல் நுனிக்கு நேராகத்தான் வைத்துவந்திருக்கிறேன். சனிக்கிழமை பெட்டியோடு போகிறேன். பெரியப்பாவிடம் மெரிபேங்க் நண்பரின் மறுமொழியை வாசித்துக் காட்டினேன். கோப்பைக் கதையை மட்டும் ஒப்புக்கொண்டார்.